வாயு மாத்திரையும் வாய் மந்திரமும்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் மாத்திரை விழுங்கியதில்லை என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னவன் நான்தான். குன்னூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மனோகரன், என் மகன் லோகுவின் ஜாதகம், படிப்பு, வேலை எல்லாம் போனில் கேட்டு முடித்துவிட்டு, "ஊட்டுல சீக்கு ஏதாச்சும் உண்டுங்களா அண்ணா?" என்றும் கேட்டார். அப்படிக் கேட்பவரிடம் வேறு என்ன சொல்வது? தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபோர்மேனாக இருந்தவன் நான். ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லை.

அதைச் சொன்னபோது என் சட்டைப் பையில் வாயு மாத்திரை அட்டை இருந்தது உண்மை. ஆனால் வாயு ஒரு சீக்கு அல்ல. டாக்டர் பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். நன்றாகக் கேட்டது. நன்றாகக் கேட்கும் ஒன்றைப் பதினைந்து நாளில் நிறுத்துவானேன் என்று மூன்று வருடமாகச் சாப்பாட்டுக்கு முன் போட்டு வந்தேன். அரவேணுவில் மருந்துக் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து என்னிடம் சீட்டுக் கேட்பதில்லை. தூரத்தில் என்னைக் கண்டதுமே அட்டையை எடுத்து வைத்துவிடுவார்.

போன வருடம் என் வாய் தானாக அசையத் தொடங்கியது. உதடுகள் எதையோ மென்றன. நாக்கு உள்ளுக்குள் புரண்டுகொண்டே இருந்தது. என் மனைவி அன்னம், "டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க" என்றாள். நான் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வெறும் வாயை மெல்லுவதுதான் கேவலம். கிராம்பை மெல்லுபவனை யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஊர் அதற்கும் மேலே போனது. நான் ஓயாமல் மந்திரம் ஜபிப்பதாக முடிவு செய்து, என்னை மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவராக்கிவிட்டது. நான் மறுக்கவில்லை. தானாக வரும் மரியாதையை நிறுத்தி வைத்து விசாரிப்பது அழகல்ல.

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. பெண் ஜீவாவும் வருகிறாள் என்றார்கள். பெண் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனாலும் கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரியில் ஏதோ ஆராய்ச்சி செய்யும் பெண். போகட்டும் என்று விட்டேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகு தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. விருந்தாளிகள் முன்னால் தட்டு வைத்த பிறகு, வீட்டுப் பெரியவர் "சாப்பிடுங்க" என்று சொல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த வார்த்தையைக் கோணிய வாயால் சொல்ல முடியுமா? சனிக்கிழமையே சுடலைமுத்துவிடம் போனேன்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாய் சும்மா இருக்கணும்."

"உங்க வாயா, மதினி வாயா அண்ணாச்சி?"

நான் சிரிக்கவில்லை. அவர் உள்ளே போய் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். "பினோபார்பிட்டோன். வலிப்புக்காரங்களுக்குக் குடுக்கிற பழைய மருந்து. ஆடுறதெல்லாம் அடங்கிரும். சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, உங்களுக்காகக் குடுக்கேன். பாதி போடுங்க, போதும்."

எங்கள் வீட்டில் எதையும் பாதியாகச் செய்வதில்லை. ஞாயிறு காலை இரண்டு போட்டேன். மேலுதட்டுக்கு ஒன்று, கீழுதட்டுக்கு ஒன்று.

பத்து மணிக்கு வந்தார்கள். மனோகரன் உட்காரவில்லை. ஷோகேஸ் வரை நடந்தார், ஜன்னல் வரை நடந்தார், திரும்பினார். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும்.

"உக்காருங்க," என்றேன்.

"இருக்கட்டுங்க அண்ணா." உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி ஷோகேஸ்.

என் வீட்டைச் சந்தேகப்படும் மனிதரோடு எனக்கென்ன சம்பந்தம் என்று கோபம் வந்தது. அதே நேரத்தில் என் வாய் அசையாமல் இருப்பதைக் கவனித்தேன். ஒரு வருடத்தில் முதல் முறை. நிம்மதியாக முதுகை நிமிர்த்தினேன்.

அதற்கு மேல் நடந்ததை அன்னம் சொல்லித்தான் அறிவேன்.

நான் நிமிர்ந்தபடியே தூங்கிவிட்டேன். முதுகு வளையாததால் இருபது நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. கேசரி ஆறியது. பஜ்ஜி சவசவத்தது. "அப்பா தியானத்துல இருக்காருங்க," என்று லோகு சமாளித்தான். மனோகரன் பதினோரு முறை ஜன்னலுக்குப் போய் வந்தார். பிறகு நான் குறட்டை விட்டேன்.

கண் விழித்தபோது ஜீவா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் என் இமையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, என்ன மாத்திரை போட்டீங்க?"

மூன்று தலைமுறை என்று தொடங்கினேன். நாக்கு பாதி வழியில் படுத்துக்கொண்டது. உதடுகள் பழைய வேலையை மெதுவாக ஆரம்பித்தன. எல்லோரும் பார்த்தார்கள்.

"ஏம்மா," என்றார் மனோகரன், நடந்துகொண்டே. "இது பரம்பரைச் சீக்கா? நாளைக்கு மாப்பிள்ளைக்கும் வருமா?" அவர் கை கார் சாவியைத் தேடியது.

"பரம்பரையா மாத்திரையான்னு மாமா சொன்னாத்தான் தெரியுமுங்கப்பா."

ஒரு பக்கம் என் வார்த்தை. மறு பக்கம் ஆறிப்போன கேசரித் தட்டோடு என் மகன். அவன் என்னைப் பார்க்காமல் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து அட்டையை எடுத்து டீப்பாயில் வைத்தேன்.

"வாயு," என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கடினமான சொல் அதுதான். "மூணு வருசமா. வாய் அடங்கறதுக்குன்னு இன்னிக்கு சுடலைமுத்து குடுத்த பினோபார்பிட்டோனும் ரெண்டு."

ஜீவாவின் முகம் நகையைக் கண்டதுபோல் மலர்ந்தது. மருந்துகளால் வரும் அசைவுக் கோளாறுகள்தான் அவளுடைய ஆராய்ச்சியாம். "இந்த வாயு மாத்திரைய ரொம்ப நாள் போட்டா சிலருக்கு வாய் இப்படி ஆகும் மாமா, சிலருக்கு ஒரு எடத்துல உக்காரவே முடியாது. பரம்பரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. அந்தத் தூக்க மருந்துல அசைவு அடங்கறது நெசந்தான், ஆனா ஆளும் சேர்ந்து அடங்கிருவாங்க. அளவு தப்புனா மூச்சும் அடங்கிரும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று லோகு கேட்டான்.

"நீங்க அனுப்புன கோயில் வீடியோ. மந்திரம்னா மூச்சு வாங்கற எடத்துல வாய் நிக்கணுமில்ல? மாமாவுக்கு நிக்கவே இல்ல. அதப் பாக்கத்தான் நானும் வந்தேன்."

"என்னைப் பாக்க வரலையா?"

"உங்களை ரெண்டாவதா."

மனோகரன் டீப்பாய் அருகே வந்து நின்றார். நின்ற இடத்திலேயே கால் மாற்றினார். என் அட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து அதே நிறத்தில் ஓர் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு வருசமாம்மா," என்றார் தரையைப் பார்த்து.

"அப்பா. கடையில காலாற நடக்கறேன்னு சொன்னதெல்லாம்?"

"உக்கார முடியல சாமி. வாயுன்னு பெத்த புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

அந்த நொடியில் அவரைப் பற்றிய என் எண்ணம் மாறியது. ஓதம் பார்க்கவில்லை அவர். தன் வாயுவை மகளிடம்கூடச் சொல்லாமல் இரண்டு வருடம் நடந்தே காத்த மனிதர். சம்பந்தம் என்றால் இப்படிப்பட்ட வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"சாப்பிடுங்க," என்றேன். வார்த்தை கோணலாகத்தான் வந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லோரும் பசியில் இருந்தார்கள். ஜீவா மட்டும் சாப்பிடாமல் என்னைக் காரில் ஏற்றினாள்.

டாக்டர் சொன்னபடி இருவரும் அந்த மாத்திரையை விட்டுவிட்டோம். ஜீவாவின் ஆராய்ச்சிக்காக எங்களை வீடியோ எடுத்தார்கள். முகத்தை மறைத்துவிடுவோம் என்று படிவத்தில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு யாரும் படம் எடுத்துக்கொண்டதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணத்தில் மனோகரன் முகூர்த்தம் முடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். என் வாயும் முக்கால்வாசி அடங்கிவிட்டது. கோயில் கமிட்டியில்தான் கொஞ்சம் கலக்கம். "தலைவர் இப்பெல்லாம் மந்திரம் சொல்றதில்லீங்களே" என்று கேட்டார்கள்.

மனதுக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். சொன்ன வார்த்தை இனி ஒரு முறை பொய்யாகக் கூடாது அல்லவா? அதனால் அன்று முதல் உண்மையாகவே சொல்லி வருகிறேன்.