புகைக்கு ஐந்து விரல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அன்று அது உச்சந்தலைக்கே ஏறியிருந்தது. எங்களுடையது சலவைக்கடை. அவர் வெளுத்துத் தேய்ப்பார், நான் டீசல் பிக்கப்பில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு பெரிய ஹோட்டலுக்குத் தினமும் இருநூறு வெள்ளை விரிப்புகள். வண்டிப் புகை பின்கதவு இடுக்கில் புகுந்து, மூன்று முறை கரி படிந்து எல்லாம் திரும்பி வந்துவிட்டன. "நாளைக்கு மத்தியானம் நானே கடைக்கு வந்து வண்டியைப் பாப்பேன். கரி தெரிஞ்சா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று ஹோட்டல் சூப்பர்வைசர் அம்மா போனில் சொல்லிவிட்டார். அந்த ஹோட்டல் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

விடிந்ததும் வண்டியை நாத்தனாரின் பட்டறையில் நிறுத்தினேன். அவள் வெல்டர். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அடியில் படுத்துப் பழைய புகைக்குழாயைத் தட்டினாள். துரு பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணி, இது குழாயில்ல, சல்லடை. சைலன்சரும் அடைச்சுக் கிடக்கு. வண்டி மூச்சு விட முடியாமத்தான் இப்படிக் கக்குது."

"வியாக்கியானம் அப்புறம். வேலையைப் பாருடி."

புதுக்குழாய் துருப்பிடிக்காத எஃகு, பழையதைவிட அரை விரல் அகலம் கூடுதல். சைலன்சரும் புதிது. குழாயின் வாயைப் பின்கதவுக்கு அடியில் விடாமல் பக்கவாட்டில் வளைத்து வெளியே திருப்பினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளா? அடியில் புகுந்து குழாயைத் தாங்கிப் பிடித்தேன், போல்ட்டுகளை முடுக்கினேன்.

நாத்தனார் கைகழுவி வந்து, பின்கதவு இடுக்கைத் துடைத்து, புகை உள்ளே வருகிறதா என்று பார்க்கக் கதவை ஒட்டி உட்புறம் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். தினமும் இருமி இருமிக் கிளம்பும் வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வழக்கமாக இரண்டாவது கியரில் முக்கி முனகும் மேம்பாலத்தில் மூன்றிலேயே ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் புகையே இல்லை. அவள் விசிலடித்தாள், நான் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தேன்.

கடைக்குத் திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. வாசலில் கணவர் காத்திருந்தார். பின்கதவைத் திறந்தேன். விரிப்பு பளிச்சென்று போட்டது போட்டபடி இருந்தது. "என் தங்கமே" என்று அதன் நடுவில் ஓங்கித் தட்டிக் கொடுத்தேன்.

"கொஞ்சம் நகருங்க" என்று பின்னால் சூப்பர்வைசர் அம்மாவின் குரல் கேட்டது.

நகர்ந்தேன். விரிப்பின் நடுவில் கன்னங்கரேலென்று ஒரு கறை.

"இதுதான் நீங்க சரி பண்ண லட்சணமா?"

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார்தான் என் மணிக்கட்டைப் பிடித்து, கிரீஸ் அப்பிய உள்ளங்கையைத் திருப்பிக் கறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேடம், கிட்ட வந்து பாருங்க. புகைக்கு அஞ்சு விரலா இருக்கும்?"

அந்த அம்மா கறையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். கதவு இடுக்கை விரலால் துடைத்துப் பார்த்தார், கரி ஒட்டவில்லை. விரிப்பை முகர்ந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளையிலேர்ந்து எரநூத்தம்பது அனுப்புங்க. ஆனா இந்தம்மா கையைக் கழுவிட்டுத்தான் துணியைத் தொடணும்."

கணவர் உள்ளே போய்ச் சோப்பை எடுத்து வந்து நீட்டினார். எனக்குக் கோபமே வரவில்லை.