சேணத்துக்குள் ஒரு சட்டை

தப்புக்காரர்கள் டீக்காக ஓய்ந்திருந்த இடைவெளியில், கூரியர் லூர்து மேலூர் ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு, "அண்ணே, பார்சல் ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்தான். அண்ணன் நல்லுசாமி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருப்பதைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

பந்தலின் முகப்பில், ஃபிளெக்ஸில், அதே நல்லுசாமி வாளோடு வெள்ளைக் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான். தலை மட்டும் அவனுடையது. கீழே 'அசுவ சக்கரவர்த்தி' என்று அடித்திருந்தது. எல்லாம் அவன் அண்ணனும் தெரு நலச் சங்கத் தலைவருமான ரங்கசாமியின் ஏற்பாடு. நல்லுசாமிக்குக் குதிரை என்றால் பயம். குதிரை கிளப்புகள் கழித்துப்போட்ட சேணங்களையும் கடிவாளங்களையும் லாரியில் வரவழைத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, போனில் படம் காட்டி விற்றுக் கூரியரில் அனுப்புவதுதான் அவன் பிழைப்பு. குதிரையே நேரில் வாங்க வந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பான்.

லூர்து கேட்ட பார்சல் சுவரோரம் இருந்தது. கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கலைமதி காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேணம் நசுங்காமல் போய்ச்சேர அதன் வயிற்றுக்குள் துணி திணிக்க வேண்டும். காலர் நைந்த தன் சட்டைகளைத்தான் நல்லுசாமி திணிப்பான். அவன் சட்டைகள் கோவா வரை போயிருக்கின்றன. அவன் கரூரைத் தாண்டியதில்லை.

நேற்று மத்தியானம் துணி போதவில்லை. "இன்னும் ஒண்ணு குடு கலை" என்றான்.

"பீரோவுல இருக்கறதெல்லாம் இஸ்திரி போட்டது. தொட்டீங்க, அவ்வளவுதான்!" என்று அடுப்படியிலிருந்தே கத்தினாள். அவன் சிரித்தான். போட்டிருந்த நீலச் சட்டையையே கழற்றித் திணித்து, டேப் ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனான். குளியலறைக்குள்ளேயே விழுந்துவிட்டான்.

அவன் லுங்கியையும் தலையணை உறையையும் விடிவதற்குள் சொந்தக்காரப் பெண்கள் அலசிக் காயப்போட்டுவிட்டார்கள். சாவு வீட்டில் உதவி என்பது பெரும்பாலும் அலசுவதுதான். அவன் வேர்வையோடு மிச்சமிருந்தது அந்தச் சட்டை ஒன்று. அதுவும் குன்னூர் விலாசத்துக்குக் கட்டியாகிவிட்டது.

"நான் நாளைக்கு வரேன் ஐயா" என்று லூர்து ரங்கசாமியிடம் மெல்லச் சொன்னான்.

"நாளைக்கா?" ரங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். கூட்டம் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தார். "உசுரு போனாலும் சொன்ன வாக்கு போகக் கூடாதுன்னு வாழ்ந்தவன் என் தம்பி. பார்சல் இன்னிக்கே போவும். அவன் போறதுக்கு முன்னாடி போவும்!"

தம்பியோடு அவர் பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல பொங்கல் ஆகிறது. பந்தலுக்குள் யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

கலைமதி எழுந்து வந்தாள். "மாமா, பொட்டிய ஒரு தடவ பிரிக்கணும்."

"என்னம்மா?"

"பிரிக்கணும். உள்ள ஒண்ணு எடுக்கணும்."

ரங்கசாமி மெதுவாகப் பேசிப் பழகாதவர். "உள்ளயா? விலை ஒசந்தது ஏதாச்சும் இருக்கா?"

ஒப்பாரியை நடுவில் விட்டுவிட்டு நல்லுசாமியின் சித்தி சந்திரம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, நகை கிகை ஒளிச்சு வச்சிருந்தானா?"

அத்தனை முகங்களும் பெட்டியைப் பார்த்தன. நேற்றிலிருந்து இவ்வளவு அக்கறையாக அவர்கள் ஐஸ் பெட்டியைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அழுக்குச் சட்டை என்று சொல்லக் கலைமதி வாய் திறந்தாள். சொன்னால் 'பாவம், புத்தி பேதலிச்சிருச்சு' என்று இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைப்பார்கள்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றாள்.

"ஒண்ணுமில்லயாம்" என்று சந்திரம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, விட்ட அடியிலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

ரங்கசாமி தம்பிக்கு வந்திருந்த ரோஜா மாலைகளில் ஒன்றை எடுத்துப் பார்சல் பெட்டிக்குப் போட்டார். கைகாட்டியதும் தப்பு அதிர்ந்தது. இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். தாமதமாக வந்த ஒரு பெரியவர், எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் கும்பிட்டார்.

லூர்து போனை நீட்டி, "மாலை மறைக்குதுங்க ஐயா, ஸ்கேன் ஆவாது" என்றான். ரங்கசாமி மாலையைக் கழற்றி மறுபடியும் தம்பி மேலேயே போட்டார்.

பைக் அம்மாமண்டபம் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து நல்லுசாமியைக் கொள்ளிடக்கரைக்குத் தூக்கிப்போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கியபோது அவன் போனில் செய்தி வந்தது. பார்சல் திருச்சியை விட்டுப் புறப்பட்டுவிட்டது. பிறகு ஈரோடு. மறுநாள் ஆண்கள் பால் தெளித்துவிட்டுத் திரும்பியபோது மேட்டுப்பாளையம். மடியிலேயே போனை வைத்திருந்த கலைமதியைப் பார்த்து, "எப்பப் பாரு போனு" என்றாள் சந்திரம்மாள்.

அதற்கடுத்த நாள் குன்னூர் எஸ்டேட்காரரே கூப்பிட்டார்.

"நல்லுசாமி இருக்காரா?"

"அவரு வீட்டுலேருந்து பேசறேங்க."

"சேணம் பிரமாதம்மா! எங்க தாத்தா படத்துக்குக் கீழ மாட்டியாச்சு. தாத்தா ஒக்காந்து ஒக்காந்து தேஞ்சதுன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"உள்ள ஒரு நீலச் சட்டை இருந்திருக்கும்ங்க."

"ஆமா, ஆமா! யாரோ மறந்து வச்சிட்டாங்க போல. ஒரே வேர்வை நாத்தம். ஆனா அடுத்தவங்க பொருள வச்சுக்கற பழக்கம் எங்க பரம்பரையிலயே கெடையாதும்மா. ரெண்டு தண்ணி ஊறவச்சு அலசச் சொல்லிட்டேன். அயர்ன் பண்ணி, சென்ட் அடிச்சு அனுப்பறேன். அவரு அசந்துபோகணும்."

கலைமதி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேங்க."

"படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

தேயிலைச் சரிவுக்கு முன்னால் ஒரு கொடி. கொடியில் நீலச் சட்டை. மலைக்காற்று உள்ளே புகுந்து இரண்டு கைகளையும் நிரப்பியிருந்தது. கலைமதி விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். நெஞ்சுப் பக்கம் மட்டும் இன்னும் காயவில்லை.