ஓசூர் வரை ஒரே சார்ஜில்

ஆனந்த்ராஜின் பழைய டீசல் காரில் ஏறினாலே மகள் தமிழ்மதிக்கு வாந்தி வந்துவிடும். அந்த வாடையே அவளுக்கு ஆகாது. விவாகரத்துக்குப் பிறகு அவள் அம்மா அறிவுச்செல்வியோடு ஓசூரில் இருந்தாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அவன் மகளை வெளியே அழைத்துப் போகலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். அவளோ காரைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நடந்தே போலாம்பா" என்பாள். எட்டு வயதுப் பிள்ளையை ஓசூர் வெயிலில் எவ்வளவு தூரம் நடத்துவது? பாதி நாள் ஏதாவது கடை வாசலில் உட்கார்ந்தே போய்விடும்.

அதனால்தான் கரண்ட் கார் வாங்குவது என்று முடிவு செய்தான். தாடிக்கொம்பில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா பொருத்தும் தொழில் அவனுடையது. எதையும் ஓட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டான். பேகம்பூரில் கார்களை வாடகைக்கு விடும் முகமது யாசின் அவனோடு பள்ளியில் படித்தவன். யாசினிடம் அப்படி இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, பெரிய பேட்டரி. இன்னொன்று நீலம், சின்னது.

"ரெண்டையும் ஒவ்வொரு மாசம் எடுத்துட்டுப் போ மாப்ள. எது ஒத்து வருதோ அத வாங்கு" என்றான் யாசின்.

"வெள்ளைதான் ஒரு சார்ஜுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடும்னு போட்டிருக்கானே. ஓசூர் முந்நூத்தம்பதுக்குள்ளதான. நிக்காமப் போயிரலாம்."

"அவன் போட்டிருக்கத நம்பாத. நாலுவழிச் சாலைல விரட்டுனா அம்புட்டும் எறங்கிரும். தொப்பூர் மேடு வேற இருக்கு. நடுவுல ஒரு எடத்துல சார்ஜ் போட்டுக்க."

ஆனந்த்ராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. நிறுத்தாமல் போனால் அவ்வளவு நேரம் மகளோடு கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் அவன் கணக்கு.

கரூர் வரை வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சேலம் தாண்டும்போதும் அவனுக்குக் கவலை வரவில்லை. தொப்பூர் மேட்டில் லாரிகளுக்கு நடுவே ஏறத் தொடங்கியதும் திரையில் மீதி சார்ஜைக் காட்டிய எண் கண் முன்னாலேயே விழுந்தது. ஏசியை அணைத்தான். கண்ணாடியை இறக்கி, வேகத்தைக் குறைத்தான். தருமபுரிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலை ஒட்டிச் சார்ஜ் போடும் இடம் இருந்தது. இரண்டு மிஷினில் ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு கார் மாட்டி நின்றது. அதன் ஆட்கள் உள்ளே சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போய்க் கேட்டான்.

"செத்த சீக்கிரம் எடுக்க முடியுமா சார்? எம் பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்."

"நாங்களும் பெங்களூர் போகணுமே சார்" என்றார் அந்தக் காரின் சொந்தக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அவன் முறை வந்தபோது பத்து மணி தாண்டி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய பேட்டரி நிதானமாகத்தான் குடித்தது. அறிவுச்செல்விக்கு இரண்டு முறை போன் செய்து, "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றான். இரண்டாவது முறை அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள்.

ஓசூரில் அடுக்குமாடி வாசல் படியில் தமிழ்மதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ வாடித் தொங்கியது.

"நான் காலைலயே செருப்பு போட்டுட்டேன்பா" என்றாள்.

சாப்பிட்டார்கள். ஒரு பொம்மைக்கடைக்குப் போனார்கள். திரும்பிப் போக வேண்டுமே என்று அவன் ஊருக்குள் சார்ஜ் போடும் இடத்தைத் தேடிப் போய், மீதி நேரமெல்லாம் அங்கேயே கழிந்தது. போனில் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தபோது, அவள் பின் சீட்டில் தூங்கியிருந்தாள். எழுப்ப மனமில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் கையில் கொடுத்தான்.

அடுத்த மாதம் நீலக் காரை எடுத்தான். சாலையிலிருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் அது முதுகுக்குச் சொன்னது. கால் நீட்ட இடம் போதவில்லை. ஆனால் சேலம் தாண்டி நிறுத்தியபோது, இட்லி சாப்பிட்டு முகம் கழுவி வருவதற்குள் வேண்டிய அளவு ஏறிவிட்டது. கிருஷ்ணகிரியில் இன்னொரு தடவை, ஒரு டீ குடிக்கிற நேரம். பத்து மணிக்கு முன்பே வாசலில் நின்றான். தமிழ்மதி அப்போதுதான் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

முன் சீட்டில் ஏறியவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"வாடையே இல்லப்பா!"

கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். பாட்டுப் போடச் சொன்னாள். ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு தடவைகூட அவள் மூக்கைப் பொத்தவில்லை. இதையே வாங்கிவிடுவது என்று ஆனந்த்ராஜ் அப்போதே முடிவு செய்துவிட்டான். மதியம் ஏரிக்கரைப் பூங்காவில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"அப்பா, இந்தக் கார் புனேக்கு வருமா?"

"புனேவா? அங்க என்ன?"

"அம்மாவ ஆபீஸ்ல அங்க மாத்திட்டாங்க. முழுப்பரீட்சை லீவுல போறோம். அம்மா சொல்லலையா?"

பெங்களூருக்கும் அப்பால் எத்தனை ஊர், எத்தனை மேடு என்று அவன் மனம் தன்பாட்டுக்குப் போனது.

"வரும்மா. நடுவுல நாலஞ்சு எடத்துல நிறுத்திச் சார்ஜ் போடணும். ராத்திரி எங்கயாச்சும் தங்கணும்."

தமிழ்மதி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப வேணாம்பா. நீ பாவம். வந்தாலும் சார்ஜ்தான் போட்டுக்கிட்டிருப்ப."

அவள் வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஊஞ்சலைப் பார்த்து ஓடினாள். அவனும் எழுந்து போய் ஆட்டிவிட்டான். வேகமாக, இன்னும் வேகமாக என்று அவள் கத்தினாள்.

சாயங்காலம் வாசலில் மகள் உள்ளே போன பிறகு அறிவுச்செல்வி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன். போன மாசம் நீங்க வந்த நெலமையப் பாத்து வாய் வரல."

"கோர்ட்ல கேக்கணுமே அறிவு."

"கேக்கத்தான் போறேன். நீங்க ஆகாதுன்னு சொன்னா நான் போக முடியாது. அதுவும் தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "இந்த வேலைய விட்டா எனக்கு வேற இல்ல. பெரிய லீவுக்கெல்லாம் பிள்ளைய அனுப்பி வைக்கிறேன்."

அன்று அவன் காரில் ஏறிக் கிளம்பிவிட்டான். பிறகு கோர்ட்டில் நீதிபதி கேட்டபோது ஆட்சேபணை இல்லை என்றுதான் சொன்னான்.

கோர்ட்டுக்கு முன்பே, நீலக் காரைத் திருப்பி விட்ட அன்று யாசின் கேட்டான்.

"எது மாப்ள, வெள்ளையா நீலமா?"

"உக்கார சுகம் வெள்ளைதான். மெத்தைல படுத்த மாதிரி. ஆனா தூரம் போறவனுக்கு நீலந்தான் சரி. நின்னாலும் சட்டுன்னு ஏறிருது. டயர்ல இன்னும் கொஞ்சம் காத்தக் கொறச்சா அந்தக் குலுக்கலும் தெரியாது." மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான்.

"அப்ப நீலத்துக்குச் சொல்லிரவா?"

ஆனந்த்ராஜ் சாவியை மேசைமேல் வைத்தான்.

"வேணாம்டா. உள்ளூருக்கு எனக்கு அந்த டீசல் வண்டியே போதும்" என்றான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். யாசின் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

மே மாதம் அவர்கள் புனே போனார்கள். ஜூனில் இரண்டாவது ஞாயிறு, பழக்கத்தில் அவனுக்கு இருட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது. குளித்துச் சட்டை மாட்டிய பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. குஜிலியம்பாறையில் ஒரு தேங்காய் மண்டிக்குக் கேமரா மாட்ட வேண்டிய வேலை பாக்கி இருந்தது. ஏணியைக் காரில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

"ஞாயித்துக்கெழமையுமா வேலை? வீட்டுல பிள்ளைக தேடாதா?" என்று கேட்டார் மண்டிக்காரர்.

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு ஏணியைச் சுவரில் சாய்த்தான்.