கருக்காத கூட்டுப்புழுக்கள்

காய்ச்சல் சற்று இறங்கிக் கண் திறந்ததும் சகுந்தலா கேட்ட முதல் கேள்வி, “கூட்டுப்புழு எத்தனை கருத்துப்போச்சுங்க?” என்பதுதான்.

ரவிச்சந்திரனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. டைபாய்டில் பத்து நாளாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நாராய்க் கிடக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலையில் இருந்த அவனுக்குப் புழு என்றாலே உடம்பு கூசும். கல்லூரியில் விலங்கியல் நடத்தும் மனைவி, ஆமணக்கு இலையும் அதைத் தின்னும் எரிப் பட்டுப்புழுவுமாகச் சதுரங்கப்பட்டினத்து வீட்டுக்குள் நுழைந்தபோது, இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டவன். இப்போது அவற்றுக்கு அவனே காவல்.

மொத்தம் இருபது கூட்டுப்புழுக்கள். பத்துக்கு மட்டும், புழுவைக் கருக்கவைத்துக் கொல்லும் கிருமியைக் கொதிக்கவைத்துச் சாகடித்து முதலில் ஊசியால் ஏற்றினாள். இரண்டு நாள் கழித்து இருபதுக்கும் அதே கிருமி, உயிரோடு. செத்த கிருமியை ஒருதரம் கண்ட உடம்பு அடுத்ததற்குத் தயாராகிவிடும் என்பது அவள் நம்பிக்கை. அன்று மாலையே காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

முதல் ஊசி போடாத பத்தும் மூன்றே நாளில் கருத்து அழுகின. முதல் ஊசி போட்ட பத்தில் இரண்டு மட்டும் போய்விட்டன. அந்தப் பத்தும் பிழைத்தன என்று சொல்லிவிடலாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்திருந்தான். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

“முதல்ல ஊசி போட்டதுல ரெண்டு போச்சு, சகுந்தலா. எட்டு இருக்கு. தொட்டா நெளியுது.”

“தொட்டீங்களா? நீங்களா?”

“பின்ன, உசுரு இருக்கான்னு எப்படிப் பாக்கறது?”

அவள் கண் தளும்பியது. “பத்தும் இருக்குன்னா நம்பியிருக்க மாட்டேன்.” மெலிந்த கையால் அவன் விரல்களை எடுத்து முகர்ந்தாள். “சோப்புப் போட்டுக் கழுவினீங்கதானே?”

மறுவாரம் அவளை அழைத்துவரக் கிளம்பிய காலையில், கூட்டுப்புழுத் தட்டை எட்டிப் பார்த்தவனின் சட்டைக் கையில் ஏதோ ஊர்ந்து ஏறியது. கூட்டிலிருந்து வந்த பூச்சி. சுருங்கிய இறக்கைகள், ஈரம் காயவில்லை.

பக்கத்து வீட்டு ஷஹர்பானு மதிலுக்கு மேலாக ஜன்னலை எட்டிப் பார்த்துக் கத்தினாள். “சார், பஸ்ஸு வந்துகினு கீது! இன்னா, அப்டியே நின்னுகினு கீறீங்க?”

ரவிச்சந்திரன் நீட்டிய கையை அசைக்காமல் ஜன்னல் வெயிலுக்குக் கொண்டுபோனான். வலப்பக்க இறக்கை மெல்ல விரியத் தொடங்கியிருந்தது.