மஞ்சள் நாடா

பாதை பிரியும் பாறையருகே தொக்பே நின்றுவிட்டார். கீழிறங்கும் வழி வலப்புறம். மனைவி மல்சூனின் காலடித் தடங்களோ இடப்புறம் சென்றிருந்தன. அங்கே ஒரு கிளையில் அவர்களுடைய மலையேற்றக் குழுவின் மஞ்சள் நாடா ஆடிக்கொண்டிருந்தது.

அதைக் கட்டியவர் அவரே.

உச்சியில் நண்பர்கள் அரிசிக் கள் ஊற்றியபோது மல்சூன் முன்னால் கிளம்பிவிட்டார். "நீங்க குடிச்சிட்டு ஆடி அசைஞ்சு வாங்க. எனக்கு நாடா வழி சொல்லும். பனியில வழுக்காம இருக்கக் காலணியில கட்டின இந்த இரும்பு முள்ளுதான் நிக்க மாட்டேங்குது."

"வார் பழசு. ஆனா தாங்கும்."

பனிக்காலத்தில் எல்லாரும் நம்புவது நாடாவைத்தான். ஆனால் இடப்புறம் இருந்தவை குழுவின் வழியைக் காட்டுபவை அல்ல. சென்ற இலையுதிர்காலத்தில் தொக்பே காளான் பறிக்கப் போனபோது மூடுபனி இறங்கியது; திரும்பும் வழிக்காகக் கட்டியவற்றை அவிழ்க்காமல் விட்டுவிட்டார். காளான் முளைக்கும் இடத்தை, பெற்ற மகனிடம்கூடச் சொல்லக்கூடாது என்பார்கள். அவர் மனைவியிடமும் சொல்லவில்லை. கடைசி நாடா, மலைவிளிம்புக்குக் கீழே வேரூன்றிய பைன் மரத்தின் உச்சியில் இருந்தது. விளிம்பைத் தாண்டியும் இப்போது பனி அந்தரத்தில் நீண்டிருக்கும்.

அவர் ஓடினார். "மல்சூன்! அப்படியே நில்லு!" பனி குரலை விழுங்கியது. சற்றுத் தொலைவில் வலக்காலின் முள்தடம் காணாமற்போயிருந்தது. அடுத்து, சறுக்கிய கீறல்.

மரங்கள் முடியுமிடத்தில், கழன்ற முள்ளைக் கையில் வைத்தபடி மல்சூன் பனியில் அமர்ந்திருந்தார். அவருக்கு எதிரே, எட்டிவிடலாம் போன்ற தொலைவில், நாடா.

"கத்தாதீங்க, காது கேக்குது. வார் அறுந்துபோச்சு. தாங்கும்னீங்களே?"

"எழுந்திரிக்காதே. உக்காந்தபடியே பின்னால நகரு."

"ஏன், முன்னால என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. தரைகூட இல்ல."

மல்சூன் நகர்ந்தார். தொக்பே ஊன்றுகோலால் பனியைக் குத்தினார். ஒரு பெரும் துண்டு சத்தமின்றி விலகிக் கீழே போயிற்று. விழுந்த ஓசை நெடுநேரம் கழித்தே வந்தது.

"அப்போ இந்த நாடா நீங்க கட்டினதா? சந்தையில வாங்கினதா சொன்னீங்களே, அந்தக் காளானுக்காகவா?"

"ஆமா."

"எனக்குச் சொல்லல. மகனுக்கும் சொல்லல. வழியில போறவனுக்கு மட்டும் நாடா கட்டிச் சொல்லியிருக்கீங்க."

தொக்பே குப்புறப் படுத்து நாடாவை நோக்கிக் கோலை நீட்டினார். மல்சூன் அவருடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டார். கோல் இருமுறை நழுவியது. மூன்றாம் முறை நாடா அறுந்து வந்தது. அதை வாங்கி மல்சூன் தம் இரும்பு முள்ளைக் காலணியோடு இறுகக் கட்டினார்.

"இனி நீங்க முன்னால போங்க."

திரும்பும் வழியில் நாடா கட்டிய ஒவ்வொரு மரத்தடியிலும் அதை அவிழ்க்கத் தொக்பே கையுறையைக் கழற்றினார். விறைத்த விரல்களுக்கு முடிச்சு இளகவில்லை. மல்சூன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சு மட்டும் நல்லாத்தான் போட்டிருக்கீங்க."