நிற்காத குமிழ்

மாலை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவது ஒரே ஒரு கருவியைத்தான். நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் கருவி. வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வந்து பழகுங்கள் என்றார் ஆசிரியை. நான் அண்ணனைக் கூட்டிப் போனேன்.

அண்ணன் துறைமுகத்தில் முக்குளிப்பவன். நின்றிருக்கும் கப்பல்களுக்கு அடியில் இறங்கி, ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளைச் சுரண்டி எடுப்பது வேலை. மேலே படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவான். கூட்டாளிகள் அவனைத் திமிங்கிலம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வந்தது ஒரு வாளியால்.

ஆழமான வேலை வந்தால் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரில் சின்னக் குழாய் ஒன்றைப் போடுவார். ஒவ்வொருவரும் நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சாக, முழு பலத்தோடு ஊத வேண்டும். யாருடைய குமிழ் கடைசிவரை வருகிறதோ அவனுக்குத்தான் ஆழம். மற்றவர்களுக்குக் குபுகுபுவென்று வந்து நின்றுவிடும். அண்ணனுக்கு நிற்காது. வருஷம் போகப் போக இன்னும் நீண்டுகொண்டே வந்தது. சிகரெட்டை விடச் சொன்னால் அதனால்தான் சிரிப்பான்.

"புகைய ஊதி ஊதியே மூச்சு தேறிடுச்சுடி. நீ டாக்டரம்மா ஆனதும் வந்து சொல்லு, கேக்கறேன்."

வகுப்பில் அவன் மூக்கில் கிளிப்பை மாட்டினேன். ஊதினான். கோடு சரேலென்று ஏறி, உச்சியில் படுத்துவிட வேண்டும். அவனுடையதோ மேட்டில் சைக்கிள் மிதிப்பவனைப் போல ஏறிக்கொண்டே இருந்தது. முகம் சிவந்து, கண் பிதுங்கியும் காற்று தீரவில்லை. கூடப் படிப்பவர்கள் கைதட்டினார்கள்.

எனக்கு என் மேல்தான் சந்தேகம். குழாயைச் சரியாகப் பொருத்தவில்லையோ? கழற்றி வேறு மாட்டினேன். திரும்ப ஊதச் சொன்னேன். அதே கோடு.

ஆசிரியை மட்டும் கைதட்டவில்லை. அண்ணன் புகைக்க வெளியே போனதும் என்னை அருகில் அழைத்தார்.

"இது பலமில்லம்மா. நுரையீரல்ல இருக்கற குட்டிக் குட்டிப் பையெல்லாம் புகையில நைஞ்சு தொளதொளன்னு ஆயிருக்கும்போல. மூச்சுக் குழாயும் சுருங்கியிருக்கு. உள்ள போற காத்துக்கு வெளிய வர வழியில்ல, அதான் சொட்டுச் சொட்டா வருது. படம் எடுத்து டாக்டர் பாத்தாதான் உறுதி. என்ன வேலை பாக்கறாரு?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இறங்கறப்ப தெரியாது. ஏறி வர்றப்பதான் ஆபத்து. அடியில இழுத்த காத்து, மேல வர வர உப்பும். உள்ளயே மாட்டிக்கிச்சுன்னா நுரையீரலக் கிழிச்சிடும். கசியற காத்து கழுத்துத் தோலுக்கு அடியில ஏறும், குரலே மாறிடும். டாக்டர் பாக்கற வரைக்கும் அவர தண்ணியில இறங்க விடாத."

வீடு திரும்பும் வழியில் அண்ணனிடம் வரிசையாகச் சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன்.

"காத்து நிறைய இருக்குங்கற, அதையே நோயுங்கற. தட்டு நிறைய சோறு இருந்தா பட்டினின்னு சொல்லுவியா?"

"விளையாடாதண்ணா."

"நாளைக்குப் பெரிய கப்பல். என்னை நம்பித்தான் மேஸ்திரி எடுத்திருக்காரு. அத முடிச்சுட்டு உங்க டீச்சர் சொல்ற டாக்டரைப் பாக்கறேன். போதுமா?"

படிப்பு இன்னும் பாதிகூட முடியவில்லை. நான் சொல்லி, அது தப்பாகி, அவன் வேலை போய்விட்டால்? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

காலையில் குளியலறையில் அவன் இருமினான். தினமும் கேட்பதுதான். ஆனால் இருமி முடித்தபின் மெல்லிய விசில் போல ஒன்று இழுத்துக்கொண்டே போனது. அதை அன்றுதான் கவனித்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன்.

படகில் ஏறியதும் மேஸ்திரியிடம் சொன்னேன். "அண்ணனை இன்னிக்கு இறக்காதீங்க. நுரையீரல் கெட்டுப்போயிருக்கு."

"யாருக்கு, இவனுக்கா?" அவர் வாளியை நகர்த்தி வைத்தார். "நீயே பாரும்மா."

அண்ணன் ஊதினான். குமிழ் வந்தது, வந்துகொண்டே இருந்தது. "டேய் போதும், வாளியே பொங்கிடும்!" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நான் குமிழ்களையே பார்த்தேன். ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, இடுக்கு வழியே நழுவி வருவது போல வந்தன.

"அது பலம் இல்லீங்க, காத்து உள்ள மாட்டிக்கிட்டு..." என் குரல் கம்ப்ரசர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"படிப்பு பேசுது, விடுங்க," என்று அண்ணன் சிகரெட்டைக் கடலில் சுண்டினான். குழாயைக் கவ்வினான். கண்ணடித்துவிட்டு இறங்கினான்.

கப்பலின் நிழலில் தண்ணீர் கறுத்திருந்தது. இறங்கும்போது ஒன்றுமில்லை, ஏறும்போதுதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மற்றவர்களுக்கு அவன் அடியில் இருக்கும்வரைதான் கவலை. எனக்கு அவன் அடியிலேயே இருக்கட்டும் என்றிருந்தது.

அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிறு இரண்டு தரம் வெடுக்கென்று அசைந்தது. மேலே வருகிறான். எல்லார் முகமும் மலர்ந்தது. மேலே வருகிறவனுக்கு முதல் இழுப்பு என்பது அவர்கள் வழக்கம். ஒருவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தான். மேஸ்திரி மளமளவென்று கயிற்றை இழுத்தார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மெதுவா! மெதுவா வரட்டும்!"

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். கயிற்றைத் தளர்த்தினார். ஆனால் அண்ணனின் தலை அதற்குள் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது.

படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இளித்தான். "பாத்தியா, டாக்டரம்மா?"

அது அவன் குரல் இல்லை. மூக்கால் பேசுவது போல, கீச்சென்று மெலிந்திருந்தது.

"திமிங்கிலம் குயிலாயிடுச்சுடா!" என்று ஒருவன் கத்த, படகே குலுங்கியது. சிகரெட் அண்ணனின் உதட்டை நோக்கி நீண்டது.

நான் குனிந்து அவன் கழுத்தில் கை வைத்தேன். என் விரலுக்கு அடியில், தோலுக்குள், பொறுபொறுவென்று சின்னச் சின்னக் குமிழ்கள் நகர்ந்தன.

சிகரெட்டைத் தட்டிவிட்டேன். "கரைக்கு விடுங்க மேஸ்திரி. ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. இப்பவே." இந்தத் தடவை என் குரல் எல்லாருக்கும் கேட்டது.

அண்ணன் ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தான். உதடு மட்டும்தான் அசைந்தது.