தினகரன் துவைத்த துணி

குழந்தைத் துணி துவைக்கிற ஆம்பளை என்று குப்பமே தினகரனைப் பார்த்துச் சிரித்தது. அவன் சட்டை செய்யவில்லை. பழவேற்காட்டு ஏரி உப்பு, கடல் உப்பு, போர் போட்டால் அதுவும் உப்பு. லாரியில் வரும் நல்ல தண்ணீரில் மகளின் துணியை அலசி, மிச்சமிருந்தால்தான் தன் தலைக்கு ஊற்றிக்கொள்வான். வருஷக்கணக்காகக் காத்திருந்து பிறந்த பெண். அவனுக்குக் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

முதலில் வீட்டுக்குள் வந்தது வைப்ஸ்தான். மனைவி அர்ச்சனாவின் அண்ணி பொன்னேரியிலிருந்து பை நிறைய வாங்கி வந்தாள். ரோஜா வாசனை அடிக்கும் ஈரத்தாள்; ஒரு துடை துடைத்தால் வேலை முடிந்தது. தண்ணீருக்கு அல்லாடும் ஊரில் வேறென்ன வேண்டும்? ஆனால் குழந்தையின் தொடை இடுக்கு சிவந்துபோனது.

"பொறந்த கொழந்தைக்கு வாசனைத் தாளெல்லாம் வேணாம்மா. நல்ல தண்ணில கழுவி ஒத்தி எடு. பருத்தித் துணி கட்டு, கொஞ்சம் காத்தாட வுடு" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. வைப்ஸ் குப்பைக்குப் போனது. அர்ச்சனாவின் பழைய புடவை துண்டு துண்டானது.

அப்படியும் ஆறவில்லை. சிவந்த இடம் கோடு கோடாகத் தடித்தது. துணியை நனைத்த மறுகணமே குழந்தை வீறிட்டது.

"நண்டு துன்னியா? பால்ல சூடு எறங்கிச்சு" என்று தீர்ப்பு சொன்னாள் பக்கத்து வீட்டுக் காந்தா. அர்ச்சனா நண்டை விட்டாள், எறாவை விட்டாள், கடைசியில் மீனையே விட்டாள். பிள்ளை பெற்ற உடம்பை ரசச் சோற்றில் தேற்றினாள் பாவி. அதோடு விட்டானா தினகரன்? "எனக்குத் தெரியாம இன்னா துன்ன, சொல்லு" என்று ஒருநாள் கேட்டும் வைத்தான். அவள் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மாதம் கடலில் சொறி மொய்த்துக் கிடந்தது. ஜெல்லி மீனுக்கு அங்கே அதுதான் பெயர். பட்ட இடம் எரிந்து தடிக்கும். மீனுக்குப் போட்ட வலையில் அதுதான் கொழகொழவென்று ஏறியது. உதறிவிட்டு வலையை வாசல் மூங்கிலில் காயப்போடுவார்கள். காய்ந்த பிறகு அதில் விஷம் ஏது என்பது அவர்கள் எண்ணம். கடற்காற்றுக்குக் கொடியில் துணி நிற்காது. வலைக்கண்ணில் முனையைச் செருகிவிட்டால் அசையாது. தினகரனும் அப்படித்தான் செருகி வந்தான்.

அன்று மத்தியானம் காய்ந்த துணிகளை உருவும்போது வேர்த்துக் கொட்டியது. கையிலிருந்த துணியாலேயே முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொண்டான். வாசலைத் தாண்டுவதற்குள் கழுத்து தீயாய் எரிந்தது. இமை தடித்தது. கடலில் எத்தனையோ முறை பட்ட எரிச்சல், அவனுக்கா தெரியாது? துணி காய்ந்துதான் இருந்தது. ஈரம் அவன் வேர்வையில் இருந்தது. வலையில் காய்ந்து துணியில் ஒட்டிய சொறி, ஈரம் பட்டதும் மறுபடி சுட்டிருக்கிறது. மகளின் துணியில் ஈரம் எப்போது படும் என்று யோசித்தவன் மூங்கிலில் கிடந்த வலையைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, நனைச்சிட்டா. துணி எடுத்துனு வா" என்றாள் அர்ச்சனா உள்ளேயிருந்து.

கை நிறையத் துணியோடு அவன் நின்றான்.

"இன்னா நிக்கிற? கத்துறா பாரு."

"இது வேணாம். வேற துணி இருக்குதா?"

"வேற ஏது? எல்லாத்தையும் நீதான தோச்ச?"

"வலை மேல காயப்போட்டேன் அர்ச்சனா. சொறி ஏறுன வலை."

அவளும் மீனவர் வீட்டுப் பெண். மேலே எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மொதல்லேர்ந்து."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் அவசரமாகக் குழந்தையின் துணியை அவிழ்த்து வீசிவிட்டு, வெற்றுடம்பாக அதைத் தூக்கிக்கொண்டாள். தடித்த தொடைகள் உதறிக்கொண்டன. தாங்க முடியாமல் தினகரன் துணிகளைக் கீழே போட்டுவிட்டு மகளை வாங்கக் கை நீட்டினான்.

"தொடாத மாமா" என்று அவள் பின்னால் நகர்ந்தாள். "அதுவும் வலை புடிச்ச கைதான்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். மகள் அழுதுகொண்டே இருந்தாள்.